ஓ.பி. சீட்டில் இல்லாத கேள்வி

ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர் எல்லாம் இருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் என் பதிவேட்டை நிரப்புவேன். 'நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், செஸ்ட் பி.ஏ.' என்று டாக்டர் கிறுக்கியிருப்பார். வந்தவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எழுத அதில் இடமே கிடையாது.

இந்தக் கேள்விக்கு முந்நூறு வயது தாண்டிவிட்டது. இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து வந்த பட்டியலோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். கல்தச்சர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் தனியாக ஒரு பகுதி உண்டு. டீமர்புரூக் என்ற டச்சு மருத்துவர் இறந்துபோன கல்தச்சர்களின் நுரையீரலை அறுத்தபோது, மணலை அறுப்பதுபோல் கத்தி ஓடியதாம். பட்டறையில் தொங்கவிட்ட மாட்டுச் சவ்வுப் பைக்குள் ஒரு வருஷத்தில் ஒரு கைப்பிடித் தூசி சேர்ந்துவிடும் என்று ஒரு கல்தச்சு மேஸ்திரியே அவரிடம் சொன்னாராம். மூடிய பைக்குள் புகுந்த தூசி திறந்த மூக்குக்குள் எவ்வளவு புகுந்திருக்கும் என்று அந்த மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது. நம் சீட்டை அச்சடித்தவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். சூளகிரி தாண்டினால் மல்லச்சந்திரத்தில் குன்றின்மேல் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பெருங்கற்காலத்து ஆட்கள் பலகை பலகையாகக் கல்லைப் பெயர்த்து நிறுத்தியது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் நடுகல் நட்டார்கள். ஓசூர், ஆனேக்கல், கோலார் வட்டாரத்தில் பழைய வீடுகளின் கூரையும் சுவரும் சப்படிக் கல். திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்கும் கல்தூண்தான் கால். பாறையின்மேல் விறகை அடுக்கி எரித்து, சூட்டில் மேல்தோல் விட்டுக்கொண்டதும் உளியும் ஆப்பும் வைத்துப் பலகையாக எடுப்பார்கள். கையால் செய்த வேலையிலும் தூசி உண்டுதான். ஆனால் உளி ஒரு நாளில் எழுப்பும் தூசியைக் கம்ப்ரசர் வைத்த டிரில் சில நிமிஷங்களில் எழுப்பிவிடும். மாவாக அரைப்பதால் தூசி இன்னும் பொடியாகவும் இருக்கும். கல்தூசி நோயின் கதை அந்த டிரில்லோடு சேர்ந்துதான் வேகம் எடுக்கிறது.

இந்த வட்டாரத்து ஆட்கள் அந்த டிரில்லை முதலில் பார்த்தது கிருஷ்ணகிரியில் அல்ல, கோலார் தங்கவயலில். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் அங்கே வேலையை எடுத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் இறங்கி இறங்கி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அதிகம். கிருஷ்ணகிரி அப்போது சேலம் மாவட்டம். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் 'மைன்ஸுக்குப் போனவர்' என்றாலே கோலார்தான். மாரிக்குப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப் எல்லாம் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி வாயில் வரும்.

தங்கம் அங்கே குவார்ட்ஸ் பாறை நாளங்களுக்குள் இருந்தது. குவார்ட்ஸ் என்றால் சுத்தமான சிலிக்கா. அதைத் துளைத்து, வெடித்து, அரைத்தால்தான் தங்கம். இந்தத் தூசி என்ன செய்யும் என்பது அன்றைய சுரங்க உலகம் அறியாததல்ல. கோலாரில் மேற்பார்வைக்கு வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள். வெளிநாட்டுச் சுரங்கங்களிலிருந்து கார்ன்வாலுக்குத் திரும்பிய அவர்கள் ஊர்க்காரர்கள் இளம் வயதிலேயே மூச்சு முட்டிச் சாவதைப் பற்றி ஜே.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் குழு 1904இல் அறிக்கையே கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் போராடி, 1912இல் இந்த நோய்க்கு இழப்பீட்டுச் சட்டம் வாங்கினார்கள். 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில், சிலிக்கோசிஸ் என்று பெயர் பெற்ற இந்தத் தூசி நோய்க்காகவே உலக மாநாடு கூடியது. கோலாரில் இதே பெயரோடு இந்த நோய் ஏட்டில் ஏறியது 1940களில்தான். அதுவரைக்கும் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள்? நிமோனியா, காசம், இழுப்பு. வெள்ளைக்காரனுக்கு ஒரு நோயும் அவனுக்குக் கீழே வேலை செய்தவனுக்கு வேறு நோயும் அதே தூசி எப்படிக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றடி காலத்தில் இன்னும் தூசி பறக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கல் பெருந்தொழிலானது 1970களில். அது முதலில் கருங்கல்லுக்கு அடித்த யோகம். பளபளவென்று மெருகேறும் அந்தக் கறுப்புக் கல்லுக்கு வெளிநாட்டில் கிராக்கி. ஜப்பானுக்குக் கல்லறைக் கல்லாகப் போனது. 1977 டிசம்பரில் தமிழக அரசு சிறுகனிம விதிகளில் 8-சி என்று ஒன்றைச் சேர்த்து, கறுப்பு கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதில்லை என்றது. மறு வருஷம் டாமின் என்ற அரசின் கனிம நிறுவனம் வந்தது. தனியார்கள் வழக்குப் போட்டார்கள். ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்று அதற்குப் பெயர். 1981இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. இயற்கை வளம் மக்களுக்குச் சொந்தம், வருங்காலத்துக்கும் மிச்சம் வைக்க வேண்டும் என்ற ரீதியில் நல்ல நல்ல வாதங்கள் அந்த வழக்கில் உண்டு. கல்லை உடைக்கிறவனின் நெஞ்சு அந்த வழக்கில் யாருடைய கட்சியும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. கறுப்பு கிரானைட் என்று விற்பது உண்மையில் டோலரைட் வகை. அதில் குவார்ட்ஸ் குறைவு. பாரடைசோ என்று இந்த மாவட்டத்திலிருந்து உலகமெல்லாம் போகும் வரிவரியான கலர் கல்லிலும் சாம்பல் கல்லிலும்தான் குவார்ட்ஸ் அதிகம். எந்தக் கல் விலை போகும் என்று நிலவியல் சொன்னது சர்க்கார் காதில் விழுந்தது. எந்தக் கல் மூச்சை வாங்கும் என்று அதே நிலவியல் சொன்னதும் விழுந்திருக்கலாம்.

பர்கூர், ஜெகதேவி, பேரிகை, சூளகிரி, தேன்கனிக்கோட்டை என்று குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் பெருகின. கம்ப்ரசர் வண்டி வந்தது. ஒரு டிரில்லர், ஒரு ஹெல்பர், வரிசையாக ஓட்டை, ஓட்டைகளுக்குள் ஆப்பு. ஓட்டைக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் தூசி அடங்கும்; கோலாரிலேயே தெரிந்த வித்தை அது. ஆனால் மொட்டைக் குன்றின்மேல் தண்ணீரை டேங்கரில்தான் ஏற்ற வேண்டும். குடிக்கவே கேனில் வரும் இடத்தில் கல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

"தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளையா இருக்கும் சிஸ்டர், துண்டைக் கட்டிக்குவோம்" என்பார்கள் என்னிடம். கண்ணுக்குத் தெரியும் தூசி பெரிய ஆபத்தல்ல. அதை மூக்கும் சளியும் பிடித்துத் தள்ளிவிடும். நுரையீரலின் அடி அறை வரைக்கும் போவது ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டின் இழைகளுக்கு நடுவில் அது தாராளமாகப் போய்வரும். உள்ளே போன துகளை விழுங்கத் துப்புரவு அணு ஒன்று வரும். விழுங்கியதும் அதுவே செத்து வெடிக்கும். துகள் வெளியே விழும், அடுத்த அணு விழுங்கும், அதுவும் சாகும். செத்த இடமெல்லாம் தழும்பு. பத்து, இருபது வருஷம் இப்படியே நடக்கும். வேலையை விட்ட பிறகும் நிற்காது. உள்ளே போனது போனதுதான். தூசி மிக அதிகமான இடத்தில் ஐந்து வருஷத்துக்குள்ளேயே ஆளை முடித்துவிடுவதும் உண்டு.

இப்போது நெஞ்சு வலிக்கு வருகிறேன். நுரையீரலுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள ப்ளூரா என்ற சவ்வுக்குத்தான் வலி. அதனால் சிலிக்கோசிஸ் ஆரம்பத்தில் வலிக்காது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், 'வயசாச்சு' என்பார்கள். முப்பத்தெட்டு வயது ஆளைப் பார்த்து அவர் பொண்டாட்டியே அப்படிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வலி பின்னால்தான் வரும், பல வழியில் வரும். ஓயாத இருமலில் விலா எலும்புக் கூட்டின் தசை பிடித்துக்கொள்ளும். காசம் சேர்ந்து ப்ளூராவில் நீர் கட்டும். தழும்பேறிய நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்தால் திடீரென்று ஒரு பக்கம் கத்தி குத்தினதுபோல் வலிக்கும், மூச்சு நிற்கும், அது அவசரம். தழும்புக்குள் ரத்தத்தை அழுத்தித் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போனால் கால் வீங்கும், படுக்க முடியாது.

ஆள் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். மாரடைப்பு காத்திருக்காது. நுரையீரல் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருக்கலாம், வெறும் பயமாகக்கூட இருக்கலாம். மலர்ப் பண்ணைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகும் பெண்களில் ரத்தசோகையால் மூச்சு வாங்கியவர்கள் நிறையப் பேர். இதெல்லாம் இல்லை, ஈ.சி.ஜி. நார்மல் என்று ஆனதும் என்ன நடக்கும்? 'கேஸ் டிரபிள்.' பான்டாப் மாத்திரை பத்து. காரணம் தெரியாத நெஞ்சு வலி என்று ஒன்று பிறப்பது இந்த இடத்தில்தான். அந்த ஆளுக்குக் காரணம் தெரியும், கையில் காய்ப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்டால் சொல்வார்.

நான் படம் எடுப்பவள், படிப்பவள் அல்ல. ஆனாலும் கண் பழகிவிடும். முதல் வருஷங்களில் எல்லாம் டார்க் ரூம் வேலை. சிவப்பு விளக்கில் பிலிமை டெவலப்பரில் முக்கி, ஃபிக்ஸரில் போட்டு, கழுவி, ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். கழுத்துத் தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தவர்களின் தாயத்து நெஞ்சுக் கூட்டின் நடுவில் வெள்ளையாக விழும். அதற்கு இரண்டு பக்கமும், மேல் பாதியில், பொடிப் பொடியாகப் புள்ளிகள். காசப் புள்ளி பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும். இது இரண்டு பக்கமும் அளந்து வைத்தமாதிரி இருக்கும். சிலருக்கு நுரையீரல் வாயிலில் உள்ள நெறிக்கட்டிகளைச் சுற்றி ஓடுபோலச் சுண்ணாம்புக் கோடு. 'இவர் குவாரியில் வேலை பார்க்கிறவர்' என்று சீட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதி அனுப்பும் பழக்கம் எனக்கு வந்தது. சில டாக்டர்கள் அதைப் படித்தார்கள். சிலர், உன் வேலையைப் பார் என்றார்கள்.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நாட்டின் காசநோய்த் திட்டமே எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில் உருவானதுதான். 1959இல் அங்கே தேசிய காசநோய் நிறுவனம் வந்தது, 1962இல் தேசியத் திட்டம் வந்தது. 1997இல் திட்டத்தைத் திருத்தி விரித்தபோது சளிப் பரிசோதனைதான் முதல் என்று வைத்தார்கள். எக்ஸ்ரே இரண்டாம் பட்சம். காசத்துக்கு அது சரியான முடிவு. சளியில் கிருமி தெரிபவர்தான் மற்றவருக்கு அதிகம் பரப்புவார், செலவும் குறைவு. கல்லுடைப்பவருக்கு அது பாதகமாகிவிட்டது. சளியில் கிருமி இல்லை, இருமல் நிற்கவில்லை. சந்தேகத்தில் ஆறு மாசம் மாத்திரை. முடிந்தும் மூச்சு வாங்குகிறது, மறுபடி மாத்திரை. அதற்குள் உண்மையாகவே காசமும் வந்துவிடும், ஏனென்றால் கிருமியை விழுங்க வேண்டிய அணுக்களைத்தான் சிலிக்கா கொன்றுகொண்டிருக்கிறது. இரண்டு நோயும் ஒன்றின் முகத்தை ஒன்று மறைத்துக்கொள்ளும். காசத்துக்கு மருந்து உண்டு. மற்றதற்கு இன்றுவரை இல்லை.

காசம் என்று எழுதிவிட்டால் இன்னொரு வசதி. அது கிருமியின் குற்றம். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது வேலை கொடுத்தவரின் கணக்கில் போகும். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது அறிவிக்க வேண்டிய நோய். பார்த்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த கிரஷர் தொழிற்சாலையாகவே எண்ணப்படவில்லை. சுரங்கச் சட்டம் 1952க்குப் போனால் அங்கே ஒரு சந்து இருந்தது: கட்டடக் கல், ஜல்லி எடுக்கும் இடம் ஆறு மீட்டர் ஆழத்துக்குள், ஐம்பது பேருக்குள், வெடிமருந்து இல்லாமல் நடந்தால் பெரும்பாலான பிரிவுகள் பொருந்தவில்லை. அதையும் தாண்டினால், மஸ்டர் ரோலில் பெயர் இருக்க வேண்டும். மேஸ்திரி நோட்டில் இருக்கும் பெயர் மஸ்டர் ரோல் ஆகாது. 2016இல் உச்ச நீதிமன்றம், குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் வேலை பார்த்துச் செத்த மத்தியப் பிரதேச ஆதிவாசிகள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது 2006இல்.

ஓசூர் வேறு உலகம் என்று நினைப்பவர்கள் உண்டு. சிப்காட் வந்தது 1970களில். 1980ஐ ஒட்டி டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், பிறகு டைட்டன். பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறிய ஆலைகள், அவற்றுக்கு வார்ப்பு கொடுக்கும் பவுண்டரிகள். வார்ப்புக்கு மணல் அச்சு வேண்டும். வார்த்த பிறகு ஒட்டிய மணலை உதறி, கிரைண்டரில் தேய்த்து, பிளாஸ்டிங் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மணலும் சிலிக்காதான். வார்ப்பைச் சுத்தம் செய்ய மணலை வீசுவதை இங்கிலாந்து 1949ஆம் வருஷ விதியிலேயே நிறுத்திவிட்டது. இரும்புக் குண்டு வீசினாலும் வேலை நடக்கும். பெரிய ஆலைகளில் இந்த மாற்றம் வந்துவிட்டது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விட்டு ஷெட்டுக்குள் நடக்கும் வேலையைப் பற்றித்தான் என் கவலை.

யார் வந்து போனார்கள் என்பதற்கு என் வாயே சாட்சி. படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். எல்லை ஊர் என்பதால் தமிழில் சொன்ன கையோடு கன்னடத்தில் 'உசிரு ஹிட்கொள்ளி', தெலுங்கில் 'ஊப்பிரி பட்டண்டி' என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே பழகிவிட்டது. பிறகு இந்தியில் 'சாங்ஸ் ரோகோ' கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். இவர்களுக்கு நோய் வெளியே தெரிய ஆரம்பிக்கும்போது ஊருக்குப் போய்விடுவார்கள். ஓசூரில் வாங்கிய தூசி கயாவில் இருமும். அங்கே உள்ள சீட்டிலும் தொழிலுக்கு இடம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆற்று மணல் தட்டுப்பாடு வந்ததும் எம்-சாண்ட் வந்தது. ஆற்றுக்கு நல்லது, சந்தேகமில்லை. பாறையை மணலாகும்வரை அரைப்பது என்றால் என்னவென்று இதுவரை படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ராத்திரியில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டும் டிப்பர்களில் எங்கள் குன்றுகள்தான் பெங்களூருக்குப் போகின்றன.

போய்ச் சேர்ந்த இடத்தில் புதிதாக ஒன்று இருக்கிறது. அபார்ட்மென்ட் சமையல் மேடைக்கு இப்போது கிரானைட் பழசாகிவிட்டது, குவார்ட்ஸ் பலகை கேட்கிறார்கள். குவார்ட்ஸ் பொடியைப் பிசினில் குழைத்து அச்சில் வார்ப்பது. பத்தில் ஒன்பது பங்குவரை சிலிக்கா. இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை வெட்டிய இளைஞர்கள் சில வருஷங்களிலேயே நுரையீரல் மாற்று அறுவைக்கு வரிசையில் நின்றார்கள். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அதைத் தடையே செய்துவிட்டது. இங்கே தடை இல்லை, விற்பனை அமோகம்.

சர்ஜாபூர் சாலையில் என் மகள் வீடு வாங்கியபோது சமையல் மேடைக்கு அதைத்தான் போட்டார்கள். சிங்க்குக்குக் குழி வெட்ட இரண்டு பையன்கள் கை கிரைண்டரோடு வந்தார்கள். ஒருவன் பர்கூர்ப் பக்கம். கதவைச் சாத்திக்கொண்டு உலர் வெட்டாக ஆரம்பித்தார்கள், பக்கத்து வீட்டுக்குத் தூசி போகக் கூடாதாம். நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒருவன் பாட்டிலில் தண்ணீர் ஊற்ற மற்றவன் வெட்டட்டும் என்றேன். மேஸ்திரி போனில் கத்தினார். "தண்ணி ஊத்தினா டைல்ஸ் மேல சேறாயிடும்மா, ஓனர் எங்களைத் திட்டுவாங்க."

"ஓனரோட அம்மாதான் பேசுறேன், நான் துடைச்சுக்கறேன், தம்பி வெட்டட்டும்" என்றேன். ஒரு சிங்க் குழிக்கு அரை பக்கெட் சேறு வந்தது. அந்தப் பையன்கள் ஒரு நாளைக்கு இப்படி நாலைந்து வீடு பார்க்கிறார்களாம்.